மேல் பட்டியலா, கீழ்ப் பட்டியலா

லேலண்ட் டோர்விக்குக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கே தெரியாது. நான்கு வருஷமாக இதே குழப்பம்தான்.

வட டகோட்டாவில் ஒரு தானியக் கிடங்கில் வேலை, வயது ஐம்பத்தெட்டு. தொடை இடுக்கில் ஒரு வீக்கம் வந்தது. கனம் தூக்குகிற ஆம்பிளைக்கு அங்கே வீங்கினால் குடலிறக்கம்தான், வேறென்ன என்று ஊரே சொல்லிவிடும். டாக்டரும் அதையேதான் சொன்னார். அறுத்துப் பார்த்தால் குடலைக் காணோம். கொழகொழவென்று ஜெல்லி மாதிரி ஒரு கட்டி. அதை வெட்டி எடுத்து அனுப்பினால் உள்ளூர் ஆய்வகத்துக்குப் பிடிபடவில்லை. பெரிய நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கேயும் ஆளுக்கொன்று சொல்லி, ஆறு வாரம் கழித்து வாயில் நுழையாத ஒரு பெயரை வைத்தார்கள்.

"இது பெரும்பாலும் பொம்பளைங்களுக்குத்தான் வரும். ஆம்பளைங்களுக்கு ரொம்ப அபூர்வம்" என்றார் டாக்டர் ஹோல்ம்க்விஸ்ட்.

லேலண்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "கேன்சரா?"

"அப்படிச் சொல்ல முடியாது. அநேகமா பரவாது. ஆனா அதே இடத்துல திரும்ப முளைக்கலாம். வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்கணும்."

"எத்தனை வருஷம்?"

"பத்து, பதினஞ்சு. அதுக்கப்புறமும் சில பேருக்கு வந்திருக்கு."

"அப்ப நான் நோயாளியா, இல்லையா டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவு படித்தவருக்கே தெரியாவிட்டால் கிடங்குக்காரர் என்ன செய்வார், பாவம்.

தேவாலயத்தில் இன்னொரு சங்கடம். ஞாயிறுதோறும் கொடுக்கும் தாளில் மேலே நோயாளிகளின் பெயர், அவர்களுக்காக ஜெபிக்க. கீழே குணமானவர்களின் பெயர், நன்றி சொல்ல. தாளை அடிக்கிற வெர்னா லேலண்டை மேலே போட்டாள். உடனே சபைக்காரர்கள் வீடுகளிலிருந்து சாப்பாடு வந்து குவிந்தது. உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் வேகவைத்த கண்ணாடிப் பாத்திரங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் கொடுத்தவரின் பெயர் ஒட்டியிருந்தது. மூன்று ஸ்கேனிலும் ஒன்றுமில்லை என்றதும் லேலண்ட் தன் பெயரைக் கீழே மாற்றச் சொன்னார். சபையே எழுந்து நின்று நன்றி சொன்னது. அன்றைக்கே வீட்டில் தங்கிவிட்ட பாத்திரங்களை எல்லாம் கழுவி வீடுவீடாகத் திருப்பிக் கொடுத்தார்.

நான்காவது வருஷ ஸ்கேனுக்கு வரச்சொன்ன கடிதத்தை அவருடைய பிக்கப் வண்டிக்குள் கண்டெடுத்தவள் மனைவி ஆர்லிஸ். தேதி தாண்டி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"இது என்ன?"

"சர்க்கரை ஆலைக்குப் போற பீட் கிழங்கு அறுவடை நேரம். மறந்துட்டேன்."

"உனக்குத் தானியக் கிடங்குலதானே வேலை, நீ என்னிக்குக் கிழங்கு வண்டி ஓட்டின? யார்கிட்ட கதை விடற?"

லேலண்ட் தொப்பியைக் கழற்றினார். "எல்லார் முன்னாடியும் நன்றி சொல்லியாச்சு ஆர்லிஸ். மறுபடி ஸ்கேனுக்குப் போய் நின்னா, கடவுளை நம்பலேன்னு ஆயிடாதா?"

"அடப் பைத்தியக்காரா. நீ நன்றி சொன்னது அந்தக் கட்டிக்குக் காதுல விழுந்துச்சா?"

மறு வாரமே இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேனில் பட்டாணி அளவுக்கு ஒரு நிழல் தெரிந்தது.

"பழைய வடுவா இருக்கலாம், கட்டியாவும் இருக்கலாம்" என்றார் டாக்டர். "ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்."

லேலண்டுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெர்னா பேனாவும் கையுமாக வந்தாள். விஷயம் அதற்குள் அவள் காதுக்குப் போயிருந்தது. "எங்க போடட்டும் லேலண்ட்? மேலயா, கீழயா?"

"தெரியல வெர்னா. எனக்கு இருக்கா இல்லையான்னே தெரியல. பயமா இருக்கு, அவ்வளவுதான். அதுக்கு உங்க தாள்ல இடம் இருக்கா?"

வெர்னா மேல் பட்டியலில், பதினோரு பேருக்கு அடியில், அவர் பெயரை எழுதினாள்.

"மேல இருக்கற அத்தனை பேருக்கும் அதே பயம்தான் லேலண்ட்" என்றாள். "வியாழக்கிழமை சாப்பாடு கொண்டு வரேன். இந்தத் தடவை பாத்திரத்தை அவசர அவசரமாக் கழுவிக் கொண்டாந்து குடுக்காதீங்க."