பொன்னாடைக்கு இறங்காதவள்

போன மாதம் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை அவளைப் பற்றி முழுப் பக்கம் எழுதியிருந்தது. போர்த்துக்கல்லின் பழைய வயற்பாட்டுகளையும் இன்றைய இயந்திரத் தாளங்களையும் சேர்த்துப் பாடுகிறவள், பல நாடுகளில் மேடையேறியவள், அவளுடைய பயணம் லொசானில் ஒரு சின்ன அரங்கில் தொடங்கியது என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். படத்தில் நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் எழுதியவருக்கு விஷயம் தெரியாது. லொசானுக்கு முன்னால் ஒரு கச்சேரி நடந்தது. அதற்கு நான் சாட்சி. சாட்சி மட்டுமல்ல, குற்றவாளியும் நான்தான்.

அப்போது நாங்கள் இருவரும் சுவிஸில் லா ஷோ-து-ஃபோன் நகரில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்தோம். கண்ணில் லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு கடிகார முகங்களில் கீறலோ தூசியோ இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. பிழை பிடிக்கச் சம்பளம் தருகிறார்கள் என்றால் அதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று என் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அதையே வீட்டில் நான் சம்பளம் வாங்காமல் செய்கிறேன் என்பதுதான் அவருடைய கவலை.

வந்த புதிதில் அவள் இடைவேளைகளில் கைத்தொலைபேசியை மினுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரைச்சல் கூடிப்போயிற்று என்று மேலிடத்துக்கு முறைப்பாடு கொடுக்கப் போகிறாள், துணிந்தவள்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு திங்கட்கிழமை அவளுடைய இயர்போனில் ஒன்றை என் காதில் செருகினாள். அதே இயந்திர இரைச்சல், அதற்கு மேல் அவளுடைய குரல். அவள் ஊரில் ஒலிவ்காய் பறிக்கும்போது பெண்கள் பாடுகிற பாட்டாம். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வயிற்றைப் பிரட்டுகிறது என்றேன்.

கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எல்லோரும் மரியாதைக்கு நல்லது நல்லது என்று சொல்லிச் சொல்லியே அவளைக் குழப்பி வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தப் பாட்டின் புதிய வடிவம் ஒன்று என் காதுக்கு வரும். நானும் லூப் இல்லாமலே கீறல் பார்த்துச் சொல்லுவேன். இந்த இடத்தில் குரல் அமுங்குகிறது, இந்த இடத்தில் இயந்திரம் சும்மா கத்துகிறது, இது இழுவை. அவள் குறித்துக்கொள்வாள். மெல்ல மெல்ல அந்தப் பாட்டு எனக்குப் பிடித்துப்போனது. சமையலறையில் நானே அறியாமல் முணுமுணுக்கத் தொடங்கினேன்.

ஆனால் அவளுடைய ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. போர்த்துக்கீசர் சங்கத்தில் பெரியவர்கள் பாட்டைக் கெடுக்கிறாய், அந்தக் கணினியை மூடு என்றார்கள். இளையவர்களோ கணினி போதும், அந்த மேளத்தை வீட்டில் வைத்துவிட்டு வா என்றார்கள். அவள் அடிக்கும் மேளம் சதுரமானது, இரண்டு பக்கமும் ஆட்டுத்தோல். அவள் ஊர்ப்பக்கம் பெண்கள்தான் அதை அடிப்பார்களாம். பத்து வருடமாக இரண்டு பக்கத்திடமும் பேச்சு வாங்கிக் களைத்துப்போயிருந்த நேரத்தில், எங்கள் பிரிவுக்கு அவளைப் பொறுப்பாளராகப் போடுவதாக முதலாளி சொன்னார். நல்ல பதவி. ஆனால் சனிக்கிழமைகளும் வேலை, மாலைகளிலும் கூட்டம். பிறகு பாட்டு என்று ஒன்று இருக்காது. வருகிற திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு தடவை, தன்னைத் தெரியாத ஆட்களுக்கு முன்னால் அந்தப் பாட்டை முழுதாகப் பாடிப் பார்க்க வேண்டும் என்றாள்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா. விழாக்குழுச் செயலாளரும் அறிவிப்பாளரும் என் கணவர். ஐந்து நிமிடம்தான் என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தேன். பாட்டு பன்னிரண்டு நிமிடம் என்பது எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அவர் கேட்கவில்லை.

நான்கு மணி நிகழ்ச்சிக்கு அவள் மூன்றரைக்கே மேளத்தோடும் கணினியோடும் வந்து நின்றாள். எங்கள் நான்கு மணி ஆறு மணி கடந்துதான் வந்தது. அவள் மேடையேறியபோது மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து கொத்துரொட்டி வாசம் வரத் தொடங்கியிருந்தது. அந்த வாசத்துக்கு முன்னால் எந்த வித்துவானும் நின்றுபிடிக்க முடியாது. முதல் மூன்று நிமிடம் சபை மரியாதையாக இருந்தது. ஐந்தாவது நிமிடம் ஆளோடு ஆள் கதைக்கத் தொடங்கினார்கள். ஏழாவது நிமிடம் பின்வரிசைகள் எழும்பிச் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தன. மேடை ஓரத்தில் அடுத்த நடனத்துக்குச் சலங்கை கட்டிய பிள்ளைகள் காத்து நின்றார்கள், அவர்களின் தாய்மார் என் கணவரை முறைத்துப் பார்த்தபடி இருந்தார்கள்.

எங்கள் விழாக்களில் ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவர் நீட்டிக்கொண்டே போனால் முதலில் துண்டுக் கடிதம் போகும். அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவர் மேலும் பேசினால் பொன்னாடை போகும். தோளில் பொன்னாடை விழுந்தால் கும்பிட்டு இறங்க வேண்டியதுதான் என்று எங்களில் எல்லோருக்கும் தெரியும். என் கணவர் கையில் ஒரு பொன்னாடையோடு அவசரமாக என்னிடம் வந்தார்.

“இஞ்சருமப்பா, நீர்தானே கூட்டிக்கொண்டு வந்தது. நீரே போய் இதைப் போர்த்தி ஆளை இறக்கும்.”

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அத்தனை பேர் பார்க்க மேடையேறி, பாடிக்கொண்டிருந்தவளின் தோளில் போர்த்தினேன். சபை கை தட்டியது. முடிந்தது என்ற சந்தோஷத்தில் பலமாகவே தட்டியது.

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. எனக்கு மூன்று முத்தம் தந்தாள். பொன்னாடையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு பாட்டை முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

என் கணவரின் முகத்தை அன்றைக்கு யாராவது படம் எடுத்திருக்கலாம். ஒலிபெருக்கிக்காரருக்குச் சைகை காட்டினார். கணினியிலிருந்து வந்த இரைச்சல் பட்டென்று நின்றது, ஒலிவாங்கியும் செத்தது. அவளிடம் மேளம் மட்டும்தான் மிஞ்சியது. அவள் ஒரு கணம் திகைத்துவிட்டு, அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து அடித்தாள். அதற்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை. காத்து நின்று கால் கடுத்த பிள்ளைகளில் ஒருத்தி அந்த அடிக்குக் காலைத் தட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள், அத்தனை சலங்கையும் சேர்ந்து இயந்திரம் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டது. மண்டபமே எழுந்து நின்றது என்று பொய் சொல்ல மாட்டேன். பாதிப் பேர் கொத்துரொட்டியோடு இருந்தார்கள். ஆனால் எனக்கு உடம்பு புல்லரித்தது.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவதா என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு நிம்மதியில்லை. சும்மா இரும், அவள் சந்தோஷமாய்ப் போய்விட்டாள், நல்லதைக் கெடுக்காதேயும் என்றார் என் கணவர். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது.

திங்கட்கிழமை காலை இடைவேளையில், பதவியை ஏற்கப்போவதாக அவள் சொன்னாள். நாங்கள் கதைப்பது தொழிற்சாலைப் பிரெஞ்சில். தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்.

“பத்து வருசத்தில என்ர ஆக்கள் ஒருநாளும் செய்யாத மரியாதையை உங்கட ஆக்கள் செய்தவை. இனி நிறைஞ்ச மனசோட பாட்டை விடலாம். இதைவிட நல்ல முடிவு எனக்கு வராது.”

யாரோ செய்த பொய்யென்றால் விட்டிருப்பேன். போர்த்தியது என் கை. மூன்று வருடமாக அவள் என்னிடம் வந்தது நான் உள்ளதைச் சொல்லுவேன் என்று நம்பித்தான்.

“அது மரியாதைக்குப் போட்டதில்லை,” என்றேன். “உன்னை மேடையால இறக்கிறதுக்குப் போட்டது. எங்கட ஆக்களுக்குப் பசி. நான்தான் கொண்டுவந்து போட்டனான்.”

துண்டுக் கடித வழக்கத்திலிருந்து ஒலிவாங்கியை நிறுத்தியது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். முகம் சிவந்தது. இத்தோடு எங்கள் நட்பு சரி என்று நினைத்தேன், அழுகையும் வந்துவிட்டது.

“பாட்டு எப்பிடி?” என்று கேட்டாள். “அதைச் சொல்லு.”

“முன்பாதி இழுவை. எல்லாம் நிண்டாப் பிறகு, மேளத்தோடயும் பிள்ளையளோடயும் பாடினதுதான் பாட்டு. அதில நான் ஒரு பிழையும் காணேல்லை.”

முதலில் ஒரு விக்கல் போலத்தான் வந்தது. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு மண்டபமே சேர்ந்து இறங்கச் சொன்னதா என்று மறுபடி கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன்.

“அப்பவும் நான் இறங்கேல்லை,” என்றாள். “இனி ஆர் சொல்லி இறங்கப் போறன்?”

மத்தியானம் வரை காத்திருக்கவில்லை. கோப்பியை அப்படியே விட்டுவிட்டு, படியேறி முதலாளியின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.