சாக மறுத்த ரொசால்மா

கத்தானியா நகரத்து மீன் சந்தையில் அக்ரிப்பினாவை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. நத்தை விற்பவள். ஆள் குள்ளம், வாய் மட்டும் நீளம். மாலையானால் பொம்மலாட்டக் கொட்டகையில் திரைக்குப் பின்னால் நின்று, வீராங்கனை ரொசால்மாவுக்குக் குரல் கொடுப்பவள் அவள்தான் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. வெளியே சொல்லக் கூடாதென்பது கொட்டகை முதலாளியின் கட்டுப்பாடு. பொம்மை தானே பேசுகிறது என்று ஜனம் நம்ப வேண்டுமாம்!

மீன்கார சிரினோ அப்படியே நம்பினான். பதினோரு மாதமாக ஒரு நாள் தவறாமல் முன் பெஞ்சு. ரொசால்மா என்றால் உயிர். அக்ரிப்பினாவைக் கண்டால் மட்டும் ஆகவே ஆகாது.

"காலங்காத்தால உன் காக்காக் குரலையா கேக்கணும்? எட்டிப் போ, மீன் கெட்டுடும்."

"உன் மூஞ்சியப் பாத்தே அது கெட்டாச்சு, போய்யா!"

அந்த ஞாயிறு ரொசால்மா சாக வேண்டும். துரோகி மல்வெர்னோ முதுகில் குத்துவான், கதை அப்படி. நாளுக்கொரு பகுதியாக ஆடும் அந்தக் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்க ஒரு வருஷமாகும். அதுவரை அக்ரிப்பினாவுக்கு வெறும் நத்தைதான். நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை முட்டியது.

ஞாயிறன்று ஜனம் ரொசால்மாவுக்குத் துக்கம் காக்கக் கறுப்பு உடையில் வந்து உட்கார்ந்தது. பரண்மேல் நின்று ரொசால்மாவை ஆட்டியவன் அக்ரிப்பினாவின் புருஷன் வெனெராந்தோ. மல்வெர்னோ வாளை ஓங்கினான். துரோகி மேல் கையில் கிடைத்ததை எறிவது அந்த ஊர் வழக்கம். ஆரஞ்சுத் தோல் பறந்தது, தொப்பி பறந்தது. சிரினோ செருப்பையே கழற்றி வீசினான். அது பட்டு மல்வெர்னோவின் தலை கழன்று உருண்டது.

"சாவுடி!" என்று மேலிருந்து கிசுகிசுத்தான் வெனெராந்தோ.

"எவன் கையால? அவனுக்குத் தலையே இல்லையே!" என்று சீறிவிட்டு, அவள் ரொசால்மாவின் குரலை எடுத்தாள்: "என் உயிரைக் காத்த வீரனே! நீ இருக்கும்வரை எனக்குச் சாவில்லை!"

கொட்டகை அதிர்ந்தது. சிரினோ தேம்பித் தேம்பி அழுதான். முதலாளி தலையில் அடித்துக்கொண்டாலும், ஜனத்தின் ஆரவாரத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பொழைச்சுப் போகட்டும்" என்றார்.

மறுநாள் சிரினோ ஒரு காலில் செருப்பும் மறுகாலில் சாக்குத் துணியுமாகக் கடையில் நின்றான்.

"வந்துட்டியா காக்கா? நேத்து ஒருத்தி பேசினா பாரு, அது குரல்!"

கட்டுப்பாடாவது மண்ணாவது! அக்ரிப்பினா கூடைக்குள் கைவிட்டு, நேற்று மேடையில் விழுந்த செருப்பை எடுத்து மத்தி மீன்களின் மேல் வைத்து, ரொசால்மாவின் குரலில் கேட்டாள்:

"வீரனே, ஒற்றைச் செருப்போடு போருக்கு வரலாமா?"

சிரினோவின் வாய் பிளந்தது. இவளா! தொப்பியைக் கழற்றினான், மீன் பெட்டியைக் கவிழ்த்து, துண்டால் துடைத்துப் போட்டான்.

"உக்காருங்கம்மா. அடுத்த ஞாயித்துக்கிழமை சாக மாட்டீங்களே?"

"அது உன் கையிலதான்யா இருக்கு. ரெண்டு செருப்பும் போட்டுட்டு வா."