கதவும் தீயும்

பூங்கோதைக்கு என்ன வேலை என்று விருத்தாசலத்தில் கேட்டால், "கம்ப்யூட்டர்ல குத்தம் கண்டுபுடிக்குது" என்பார்கள். சம்பளமில்லாமல் அதைச் செய்ய எல்லாக் குடும்பத்திலும் ஆள் உண்டு. இவளுக்குச் சென்னைக் கம்பெனி சம்பளம் தருகிறது. ஓர் இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதும் முன்பே அதன் வடிவமைப்புப் படங்களைக் கணக்கு மொழியில் எழுதுவாள். ஒரு படம் சொல்வதை இன்னொன்று மறுக்கிறதா என்று கம்ப்யூட்டரில் ஒரு கருவி தேடும். மறுத்தால், அந்த விபரீதம் எந்த வழியில் வரும் என்று படிப்படியாகக் காட்டிவிடும்.

அவள் தம்பி நந்தகுமார் போன வருஷம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கேஸ் சூளைக்குள் கருகிச் செத்தான். "அவசரக்குடுக்க. தீய அணைக்காம உள்ள போயிட்டான்" என்றது பேட்டை. பெற்றவளும் அதையே சொல்லி அழுதாள். அன்றிலிருந்து, போன கரண்டு திரும்பி வந்து ஃபிரிட்ஜ் உறுமினால் போதும், பூங்கோதைக்கு முதுகுப் பக்கம் "அக்கா" என்று கேட்கும். திரும்பிப் பார்க்கப் பயம். பார்க்காமலிருக்க அதைவிடப் பயம். யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சூளையின் முதலாளி ராஜமாணிக்கம் அதே மாதிரி இன்னொரு சூளை வாங்க நினைத்தார். "எதுக்கும் நீ ஒரு தடவ பாத்துடும்மா" என்று படங்களைக் கொடுத்தார். மனசில்லாமல்தான் வாங்கினாள்.

கதவைத் திறந்தால் தீ அணையும் என்றது ஒரு படம். கரண்டு போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்றது இன்னொன்று. தனித்தனியே இரண்டும் யோக்கியம்தான். கதவு திறந்திருக்கும்போது தீ எரியுமா என்று கருவியைக் கேட்டாள். எரியும் என்று வழியைக் காட்டியது. இளஞ்சூட்டில் தீ எரிகிறது. கரண்டு போகிறது, தீ அணைகிறது. கதவு திறக்கிறது, கரண்டில்லாத இயந்திரத்துக்கு அது தெரியாது. கரண்டு வருகிறது. தீ.

ஆள் தாங்கும் அந்த இளஞ்சூட்டில் கரண்டு போனால், உள்ளே நுழைந்து சரிந்த பொம்மைகளை நிமிர்த்தி வைப்பது பேட்டையில் எல்லாரும் செய்வதுதான். தம்பியும் அதைத்தான் செய்திருக்கிறான். பூங்கோதைக்கு அப்போதுதான் உறைத்தது, பழைய சூளை இன்னும் ஓடுகிறது. செருப்புகூட மாட்டாமல் வண்டியை எடுத்தாள்.

"ஒரு வருஷமா ஒண்ணும் ஆவலியேம்மா" என்றார் ராஜமாணிக்கம், அவள் சொன்னதைக் கேட்டு.

"இப்ப கரண்டு போனா உள்ள யாருங்க போவாங்க?"

சூளையருகே அவருடைய மருமகன் அர்ச்சுனன் நின்றுகொண்டிருந்தான். ராஜமாணிக்கம் எழுந்து போய்த் தன் கையாலேயே கேஸை மூடினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள்.

"அப்ப எம்புள்ள அவசரப்படலியா?"

"இல்லம்மா. தீ அணைஞ்சப்பறந்தான் உள்ள போயிருக்கான்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மத்தியான வெயிலில் கரண்டு போனது. ஃபேன் மெல்ல நின்றது. அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருடி, எங்கியும் போவாத. கரண்டு வந்ததும் 'அம்மா'ன்னு கூப்புடுவான்."