ராசியான கட்டில் இருக்கிறதா?

நோயாளிக் கட்டில் வாடகைக்கு விடுவது, போன பொருள் திரும்பி வரும்போது முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள வேண்டிய தொழில்.

ராஜபாளையத்தில் எனக்குக் கடை. கட்டில், சக்கர நாற்காலி, வாக்கர். சேத்தூர் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை லோடு ஆட்டோவில் கொண்டுபோய் நானே மாட்டிக் கொடுத்துவிட்டு வருவேன். இதை வாசிக்கிற நீங்களும் ஒருநாள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கட்டில் கேட்டு வருவீர்கள். பிறகு உங்களுக்காக உங்கள் பிள்ளைகள் வருவார்கள். ஆகவே நாமெல்லாம் ஒரே கூட்டம் என்ற உரிமையில் சொல்கிறேன்.

நடக்கிற நோயாளி

சேத்தூர் செல்லப்பாண்டி கடைக்கு வந்தார். அவருடைய அப்பா ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. ஊரில் எல்லாருக்கும் ஏட்டையா. மனைவி இறந்த பிறகும் தினமும் காலையில் டி.வி.எஸ். பிப்டியில் டீக்கடைக்குப் போவார். பேப்பர் படித்து, நாலு பேரைத் திட்டி, திருப்தியாக வீடு திரும்புவார். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மகனுக்குத்தான் பயம் வந்துவிட்டது. முதலில் வண்டிச் சாவியை ஒளித்து வைத்தார். அடுத்ததாக, பக்கக் கம்பி வைத்த கட்டில் வேண்டும் என்று என்னிடம் வந்திருந்தார்.

கம்பி இருந்தால் ஆள் தானாக இறங்க முடியாது, அது நடக்க முடியாதவர்களுக்கு என்று சொன்னேன். அப்பாவால் நடக்க முடியவில்லையா என்றும் கேட்டேன்.

“நடக்காரு அண்ணாச்சி. அதானே பிரச்சினை.”

ஹாலில் இடம்

கட்டிலை ஹாலில் போடச் சொன்னார்கள். உள்ளே இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. ஆனால் பார்க்க வருகிறவர்கள் வாசலில் நுழைந்ததுமே, மகன் அப்பாவை எப்படி வைத்திருக்கிறான் என்பது கண்ணில் பட வேண்டுமாம். இதற்காக சோபாவை நகர்த்தினார்கள், டி.வி.யை மட்டும் நகர்த்தவில்லை.

நான் மாட்டிக்கொண்டிருக்கும்போது ஏட்டையா உள்ளிருந்து நடந்து வந்து பக்கத்தில் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கம்பியை ஆட்டிப் பார்த்து, “இந்த போல்ட்டை இன்னும் ஒரு சுத்து முடுக்கு. படுக்கவன் விழுந்துறக் கூடாது” என்றார். முடுக்கினேன். யாரோ உறவுக்காரர் சீக்காக வரப்போகிறார் என்று நினைத்திருக்கிறார். அவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. செல்லப்பாண்டி செல்போனைப் பார்த்தார், மருமகள் அடுப்படிக்குள் போய்விட்டார். ஏட்டையா என்னிடம் கேட்டார்:

“ஆருக்குலே இது?”

ராசி

கட்டில் கேட்டு வருகிறவர்கள் டாக்டர் சொன்னதைப் பாதி மறந்துவிட்டு வருவார்கள். ஒரு கேள்வியை மட்டும் யாரும் மறப்பதில்லை. “இதுல ஆரும் போயிறலையே?” செத்தவர் படுத்த கட்டில் ஆகாது. படுத்து எழுந்தவரின் கட்டில் வேண்டும், அதுதான் ராசி. நானும் எந்தக் கட்டிலைக் காட்டினாலும் “இதில் படுத்த பெரியவர் எழுந்து நடக்கிறார்” என்று சொல்லிவிடுவேன். சுத்தப் பொய். வயதானவர் படுத்து எழுந்த கட்டில் என்று ஒன்று என்னிடம் கிடையாது. படுக்க வைத்தவர்கள் எழுப்பினால்தானே?

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள், மாமியாருக்காக வந்தார். மாமியாருக்கு என்ன செய்கிறது என்று கேட்டேன். “சும்மா அழுதுக்கிட்டே இருக்காக. வயசுல்லா, அப்படித்தான்” என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார். கட்டில் விசாரணை அரை மணி நேரம் நடந்தது. என் வழக்கமான பொய்யைச் சொன்னேன். அந்த அம்மாள் கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

“எந்திரிச்சவரு நம்பரைச் சொல்லுங்க. ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்.”

புது டைல்ஸ்

ராஜபாளையத்திலேயே ஒரு வீடு. அம்மாவுக்கு வாக்கர் வாங்கிப் போனார்கள். கொஞ்ச நாளில், வாக்கரால் பிரயோஜனமில்லை, அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார், ஒரு கட்டில் வேண்டும் என்று போன் வந்தது. போனேன். வாக்கர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் பீரோவுக்குப் பக்கத்தில் சாமி மாதிரி நின்றது. அந்த அம்மாள் ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெயர் கேட்டேன். மகன் பதில் சொன்னார். சாப்பிட்டீர்களா என்றேன். அதற்கும் மகனே பதில் சொன்னார்.

வாக்கரை ஏன் பிரிக்கவில்லை என்றேன். இந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது.

“தரையில கோடு விழும் அண்ணாச்சி. டைல்ஸ் போட்டு ஒரு வருஷம்கூட ஆகலை.”

எவனுக்கும் கிடையாது

இரண்டு மாதம் கழித்து, சேத்தூர் கட்டிலில் பக்கக் கம்பி சிக்கிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். ஏட்டையா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதலில் டீயை வேண்டாம் என்றாராம், பிறகு சோற்றை, பிறகு பேச்சை. வேட்டிக்குள் கால் இருப்பதே தெரியவில்லை. போல்ட்டை முடுக்கச் சொன்ன ஆள் இவர்தான் என்று நம்பச் சிரமமாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, “எப்பேர்ப்பட்ட மனுசன்” என்று அவர் தலைமாட்டிலேயே நின்று பேசினார்கள். இறந்த காலத்தில்தான் பேசினார்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஏட்டையாவின் மகள் இந்திரா ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சர். அண்ணனிடம் சண்டை போட்டு அப்பாவை அங்கே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தாள். வயதானால் வருகிற அசதி இல்லை இது, மனச்சோர்வு என்றாராம் டாக்டர். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், அதுவரை வயிற்றுக்கு நல்ல சாப்பாடு கொடுங்கள், தினமும் எழுப்பி நடக்க வையுங்கள், படுக்கப் படுக்கக் கால் போய்விடும் என்றாராம். செல்லப்பாண்டி அந்த மாத்திரையை பீரோ மேல், யார் கைக்கும் எட்டாத உயரத்தில் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். சொந்தக்காரர் கண்ணில் பட்டால் பைத்தியம் என்பார்கள், வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பெருமையாகவே சொன்னார்:

“எங்க வம்சத்துல எவனுக்கும் மனசு கினசெல்லாம் கெடையாது அண்ணாச்சி.”

மகள் வீட்டுச் சோறு

அதற்குப் பிறகு இந்திரா தினமும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் பஸ் ஏறி சேத்தூர் வந்தாள். அப்பா வாயில் மாத்திரையைப் போட்டு, முட்டையை ஊட்டி, கட்டில் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு ஓடுவாள். ஒருநாள், அப்பாவைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போகப் போவதாகவும் ஒரு வாக்கர் கொண்டுவரும்படியும் சொன்னாள். நான் வாக்கரோடு போனபோது ஹாலில் பஞ்சாயத்து. கட்டிலைச் சுற்றி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கட்டிலில் இருந்தவரை யாரும் பார்க்கவில்லை.

மீசை வைத்த ஒரு தாய்மாமன்தான் நீதிபதி. “ஆம்பளைப் பிள்ளை கல்லு மாதிரி இருக்கையில மக வீட்டுச் சோத்தைத் திங்கப் போனாருன்னா, நாங்க தெருவுல தலை நிமிந்து நடக்க வேண்டாமா?” என்றார். ஏட்டையாவுக்குச் சோறு இறங்காதபோது இவருடைய தலை நன்றாகவே நிமிர்ந்திருந்தது. “நீங்க தலை நிமிந்து நடக்கதுக்கு எங்கப்பா படுத்தே கெடக்கணுமா மாமா?” என்றாள் இந்திரா. பெரியவர்கள் பேசும்போது பொம்பளை குறுக்கே பேசக் கூடாது என்று யாரோ ஆரம்பித்தார்கள். அப்போது கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. சன்னமாக இருந்தாலும் பழைய ஸ்டேஷன் குரல்தான். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“ஏலே, கம்பியை இறக்கு. ஜாமீன் எடுக்க ஆள் வந்திருக்கா.”

ரோஜா மாலை

ஏட்டையா மகள் வீட்டுக்குப் போன பிறகும் செல்லப்பாண்டி கட்டிலைத் திருப்பவில்லை, வாடகை மட்டும் வந்துகொண்டிருந்தது. சில மாதம் கழித்து அவரிடமிருந்து போன். “கட்டிலை எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி.” அவ்வளவுதான், வைத்துவிட்டார். எங்கள் தொழிலில் இதற்கு ஒரே அர்த்தம். மேற்கொண்டு கேட்க மாட்டோம். கடைசிக் காரியத்துக்கு உடலை மகன் வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பார்கள் என்று நினைத்தேன். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு ரோஜா மாலை வாங்கினேன். முகத்தையும் இறுக்கிக்கொண்டு சேத்தூரில் போய் இறங்கினேன்.

வாசலில் ஏட்டையா உட்கார்ந்து டி.வி.எஸ். பிப்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கைத்தடி. மகளோடு பஸ்ஸில் வந்து, சாவியைக் கேட்டு வாங்கியிருக்கிறார். வண்டி ஓட்ட டாக்டர் இன்னும் சம்மதிக்கவில்லை, துடைக்கச் சம்மதம். வீட்டுக்குள் கட்டில் கிடந்தால் வாசப்படி ஏற மாட்டேன் என்று அவர் நின்றதால்தான் எனக்குப் போன் வந்திருக்கிறது. என் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். “ஆருக்குலே இது?” என்றார். இந்த முறை செல்போனைப் பார்ப்பது என் முறையாயிற்று. அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு மாலையை வாங்கி இந்திராவிடம் கொடுத்து, கட்டிலின் தலைமாட்டில் போடச் சொன்னார். மாலையோடுதான் கட்டிலை ஆட்டோவில் ஏற்றினேன். செல்லப்பாண்டி பின்னாலேயே வந்து காதருகே சொன்னார்:

“வேற ஆருக்கும் குடுத்துறாதிய அண்ணாச்சி. நமக்கு எப்படியும் வேணும்லா.”

ராசியான கட்டில் கேட்டு வருகிறவர்களுக்கு இப்போது நான் பொய் சொல்லாமலே இந்தக் கட்டிலைக் காட்டுகிறேன், ஆனால் இதிலிருந்து எழுந்தவர் மகள் வீட்டில் சாப்பிடுகிறார் என்று கேட்டதும் எல்லாரும் வேறு கட்டில் இருக்கிறதா என்கிறார்கள்.