சுபலட்சுமியின் காலணா

மைக்செட் பாலு மாமாவை ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அவரால் தூக்கம் கெட்டவர்கள். காதுகுத்து, வளைகாப்பு, கட்சிக் கூட்டம், எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஊரையே அதட்டுவார். அதே ஆள் வீட்டுக்குள் நுழைந்தால் கப்சிப். பக்கத்துப் போர்ஷனிலிருந்து அக்கா ரெங்கம்மாள் வந்து பேசுவார், இவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். ஒரே காம்பவுண்டு. எங்கள் வீடு எதிரே. டிக்கெட் எடுக்காமலே தினம் நாடகம் பார்த்தவன் நான்.

ரெங்கம்மாளுக்குப் பிடித்த வசனம் ஒன்றுதான். அது தம்பி பெண்டாட்டி சுபா அத்தை கொண்டுவந்த சீரைப் பற்றியது. அத்தைக்குப் பிறந்த வீடு லால்குடிப் பக்கம். அப்பா இல்லை, நிலமும் இல்லை. கல்யாணத்தன்று அவர் அம்மா ஒரு மஞ்சள் துணியை அவிழ்த்து, ஒரே ஒரு செப்புக் காசை எடுத்து மகள் கையில் வைத்து, "விளக்குகிட்ட வச்சுக்கம்மா, நல்ல காசு" என்றாராம். வெள்ளைக்காரன் காலத்துக் காலணா. அடுப்புக்கரி மாதிரிக் கறுத்துக் கிடந்ததாம்.

அன்றோடு அத்தைக்குப் பெயர் மாறிவிட்டது. பால் பொங்கி வழிந்தால், "காலணாவோட வந்தவ". கரண்ட் போனால், "காலணாவோட வந்தவ". வயிற்றில் பிள்ளை தங்காதபோதும் அதேதான். அதைச் சொன்ன அன்று மட்டும் காம்பவுண்டில் யாரும் சிரிக்கவில்லை என்று அம்மா சொல்லும்.

அத்தை எதிர்த்துப் பேசமாட்டார். வெள்ளிக்கிழமை காலையில் குழாயடியில் உட்கார்ந்து விளக்கு, மணி, தட்டு எல்லாம் தேய்த்து முடித்து, கடைசியாக அந்தக் காசை எடுப்பார். புளியும் செங்கல் தூளும் வைத்துத் தேய்ப்பார் தேய்ப்பார், அப்படித் தேய்ப்பார்.

"அத்தே, போதும். காசு அழுவுது" என்பேன்.

"உன் வாயையும் கொண்டா. புளி மிச்சம் இருக்கு."

அவ்வளவுதான் அவர் கோபம். கிட்னி போய், புத்தூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, போன ஆடியில் போய்ச் சேர்ந்தார்.

பாலு மாமா அந்தக் காசைப் பர்ஸில் வைத்துக்கொண்டார். ஒரு நாள் போன் வீடியோவில் ஒருத்தன் கத்தினான்: "பழைய காசு எடை கம்மியா இருக்கா? விடாதீங்க! தப்பா அச்சான அபூர்வ நாணயமா இருக்கலாம்!" மாமா நேராக வெள்ளிக்கடைத் தராசுக்குப் போனார். நாலரை கிராம். காலணா என்றால் கிட்டத்தட்ட ஆறரை இருக்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்து பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் ஒட்டிப் பார்த்தார். ஒட்டவில்லை. இரும்பில் பண்ணிய டூப்ளிகேட் இல்லை.

"தலைத் திவசத்துக்கு எல்லாரும் வருவாங்கடா" என்றார். "பந்தியில வச்சுச் சொல்றேன், அவ கொண்டாந்தது சாதாரணக் காசு இல்லன்னு. அக்கா காதுல விழட்டும்."

"வித்துடுவீங்களா மாமா?"

"விக்கிறதா? செருப்பு பிஞ்சிடும்."

மன்னார்புரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே டெல்பின் அக்கா பழைய காசும் ஸ்டாம்பும் விற்கிறார். மாமாவோடு நானும் போனேன். அவர் லென்ஸை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம் டப்பாவிலிருந்து இன்னொரு காலணாவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அது பழுப்பு. ராணி தலையும் வருஷமும் எழுத்தும் கச்சிதம்.

"அகலம் ரெண்டும் ஒண்ணுதான். உங்களோடதுல கனம் இல்ல."

"அதாங்க மேடம்" என்று மாமா முன்னால் சாய்ந்தார். "மெல்லிசுத் தகட்டுல அடிச்சிருப்பான். வீடியோவுல சொன்னாங்க."

"மெல்லிசுத் தகட்டுல அடிச்சாலும் ராணி தலை இருக்கும்ல சார்? இதுல எங்க?"

"கை மாறிக் கை மாறித் தேஞ்சிருக்கும்க்கா" என்று நான் புகுந்தேன்.

"கை மாறுனா மேடுதான் தேயும். பள்ளத்துல அழுக்கு நிக்கும், நிறம் பழுப்பாயிடும். இது பள்ளமே இல்லாமப் பளபளங்குது. நடுவுல தடவுங்க சார், லேசாக் குழியுதா?"

மாமா கட்டைவிரலை வைத்தார். கேபிள் இழுத்துக் காய்ப்புக் காய்த்த விரல் குழியில் உட்காரவில்லை. இன்னும் சின்ன விரல் ஒன்றுக்கான குழி அது.

"யாரு சார் இப்படித் தேய்ச்சது?"

"வீட்டுல."

"எதுக்கு இவ்வளவு?"

மாமா காசையே பார்த்துக்கொண்டிருந்தார். "கறுப்பா இருக்குன்னு சொல்லிக் காட்டுனோம்" என்றார்.

டெல்பின் அக்கா லென்ஸைக் கழற்றினார். "தேய்க்காம வச்சிருந்தா?" என்று மாமா கேட்டதற்கு, "வருஷம் தெரியாம எப்படி சார் சொல்றது? அனேகமாச் சாதாரணமாத்தான் இருந்திருக்கும். இப்ப வெறும் செப்பு" என்றார். குரலைத் தணித்துத்தான் சொன்னார். ஆனாலும் சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது காவிரிப் பாலம் முழுக்க நான் மாமா காதில் ஓதினேன். "அம்பது லட்சம்னு அடிச்சு விடுங்க மாமா. ரெங்கம்மா பெரியத்தை என்ன, மியூசியத்துக்கா போன் போடப்போவுது? வேணும்னா நானே மெட்ராஸ் புரொபசர் மாதிரி போன்ல பேசறேன்." அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தார். வண்டிக் கண்ணாடியில் பார்த்தேன், அவர் கண் ஈரமாக இருந்தது. புரொபசர் யோசனையை அத்தோடு விட்டேன்.

திவசத்தன்று காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் காரியம் முடிந்து வீட்டில் பந்தி. ரெங்கம்மாள் ரசம் ஊற்றிக்கொண்டே வந்தார்.

"என்னடா தம்பி, வெள்ளிக்கடைத் தராசுக்கெல்லாம் போனியாமே, புதையல் எவ்வளவு தேறுச்சு? மாடி எடுக்கலாமா?"

பந்தியில் இரண்டு பேர் சிரித்தார்கள். மாமா பிசைந்த சோற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சாதாரணக் காசுதான்க்கா."

"நான் அன்னைக்கே சொன்னேன்ல."

"நீ சொன்ன. சொல்லிக்கிட்டே இருந்த. கறுப்பு போயிட்டா நீ நிறுத்திடுவேன்னு நெனச்சுத் தேய்ச்சிருக்கா. ராணி தலை போற வரைக்கும் தேய்ச்சிருக்கா. நான் இங்க உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருந்திருக்கேன்."

அவ்வளவு நீளமாக அந்த வீட்டுக்குள் அவர் பேசி நான் கேட்டதில்லை. இடது கையால் காசை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "தடவிப் பாருக்கா. அவ வெரல் இருக்கு."

ரெங்கம்மாளின் ஒரு கையில் ரசவாளி, இன்னொரு கையில் கரண்டி. இரண்டையும் அவர் கீழே வைக்கவில்லை. "ரசம் ஓடுது பாரு, அணை கட்டு" என்று மட்டும் சொன்னார். அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. இலையில் ரசம் ஓரம்வரை ஓடித் தரையில் இறங்கியது. மாமா அணை கட்டவில்லை.