அம்மாவுக்காக அக்கா பேசிய குரல்கள்

தொலைக்காட்சியில் அந்த மாமியார் "சாகு, சாகு" என்றதும், அம்மா உரித்துக்கொண்டிருந்த அவரைக்காயை அப்படியே தட்டில் போட்டாள். "சோறு போடற பொண்ணப் பாத்து சாகுங்கறாளே, இவள்லாம் நல்லா இருப்பாளா?" என்று கொதித்தாள். கன்னடத்தில் சாகு என்றால் போதும். இன்னும் சோறு வேண்டாம் என்றுதான் பாவம் அந்த மாமியார் சொல்லியிருந்தாள். ஆம்பூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு ஜோகுபாளையத்துக்கு வந்த அம்மாவுக்குப் பால்காரரிடம் பேசுகிற அளவுக்குத்தான் கன்னடம். எங்கள் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் ஓடிய நாடகங்களையெல்லாம் உடனுக்குடன் அவளுக்குத் தமிழில் சொன்னது அக்காதான்.

அக்கா அன்று அம்மாவைத் திருத்தவில்லை. "ஆமாம்மா, மருமவளும் சும்மா விடல பாரு" என்றாள். பிறகு குரலை மெலிதாக்கி, ஒரு மூச்சு நிறுத்தி, "நான் செத்துட்டா உங்களுக்கு யாரு அத்தே சோறு போடுவா?" என்றாள். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். திரையில் அந்த மருமகளோ வாயே திறக்காமல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தாள். அக்காவைவிட ஒன்பது வயது இளையவளான எனக்குத் தெருவில் விளையாடியே கன்னடம் வந்துவிட்டது. அதனால் எனக்கு மட்டும் ஒரே நேரத்தில் இரண்டு நாடகங்கள். பெட்டியில் ஓடியதைவிட அக்கா வாயில் ஓடியதுதான் எனக்குப் பிடிக்கும். மாமியாருக்கு மூக்கால் பேசுவாள், மாமனாருக்குக் குரலைக் கட்டையாக்கிக்கொள்வாள். அவள் நாடகத்தில் எந்தப் பெண்ணும் பதில் சொல்லாமல் போனதில்லை.

கல்லூரியில் அவளை நாடகத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு நாடகம் கீடகம் எல்லாம் பேடா" என்றார். வேண்டாம் என்று கண்டிப்பதென்றால் வீட்டிலும் அவருக்குக் கன்னடம் வந்துவிடும். ஊரிலுள்ள மருமகள்களுக்கெல்லாம் வாய் கொடுத்தவள், தன் முறை வந்தபோது வாயை மூடிக்கொண்டாள். அடுத்த வருடம் கல்யாணம். நான் நாடகத்துக்குப் போகிறேன் என்று கேட்ட காலத்தில் அப்பாவுக்கு மறுக்கத் தெம்பில்லை. இன்று கன்னடத் தொடர்களில் நான் பேர்பெற்ற மாமியார். பதில் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு நிறுத்துகிறேனாம், அதில்தான் என் திறமை இருக்கிறதாம், பேட்டி எடுப்பவர்கள் சொல்கிறார்கள். அது அக்காவின் மூச்சு. அதை நான் எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை என்பது எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

போன மாதம் வைட்ஃபீல்டில் அவள் மகனுடைய அடுக்ககத்துக்குப் போயிருந்தேன். சுவரளவு தொலைக்காட்சியில் என் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஆசையை அடக்க முடியவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினேன்.

"அக்கா, அப்ப சொல்லுவியே, அந்த மாதிரி தமிழ்ல சொல்லேன்."

திரையில் என் வாய் அசைந்துகொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்தாள். ஒருமுறை உதடு பிரிந்தது. வந்துவிடும் என்று காத்திருந்தேன்.

"அம்மா இல்லியேடி" என்றாள். "கன்னடம் தெரியாதவங்க இங்க யாரு இருக்கா, சொல்றதுக்கு?"

எனக்குச் சொல் என்று கேட்க வாயெடுத்தேன். எனக்குக் கன்னடம் தெரிந்திருப்பது அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கசந்தது.