மூன்றிலிருந்து ஆறுக்குத் தாவிய வெப்சைட்

இன்றைக்கு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்தால் என் தையல் கடைக்குள் நுழையாதீர்கள். கடித்துவிடுவேன்.

கடை வெப்சைட்டைப் புதுப்பிக்க வந்த குமார், அதன் சாஃப்ட்வேரில் மூன்றாம் வெர்ஷனிலிருந்து நேராக ஆறுக்குத் தாவிவிட்டான். சைட் படுத்துவிட்டது. சனிக்கிழமை கல்யாணப் பெண்ணின் பிளவுஸ் அளவு, போன் நம்பர் எல்லாம் அதற்குள்தான்.

"நாலு, அஞ்சுன்னு ஒவ்வொண்ணா ஏறக்கூடாதா, பாஸ்?" என்று அவனைக் கேட்டேன்.

"டைம் மிச்சம்னு பார்த்தேன், அக்கா."

"பழைய சைட்டை ஒரு காப்பி எடுத்து வச்சியா?"

"எடுத்தேன் லா. அந்த சைட்டுக்குள்ளதான் இருக்கு."

வீட்டைப் பூட்டி, மாற்றுச் சாவியையும் உள்ளேயே வைத்த மகராசன்!

பழைய துணியில் வெட்டிப் பார்க்காமல் நான் பட்டில் கத்தரி வைத்ததே இல்லை.

அவனுடைய கல்யாண ஜிப்பாத் துணியும் என்னிடம்தான் இருக்கிறது. அளவு எடுக்காமல் நேராக வெட்டிவிடட்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள், கத்தரி கையில்தான் இருக்கிறது.